கணக்கு பீரியடுக்கும் மைதானம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எடுக்கிறேன், இருபது வருடம் தாண்டிவிட்டது. ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும்போது கணக்கில் நூற்றுக்கு நூறு எத்தனை பேர், எந்த மாவட்டம் முதலிடம் என்றெல்லாம் உங்கள் நாளிதழில் பெரிதாகப் போடுகிறீர்கள், நானும் ஆவலாகத்தான் பார்க்கிறேன். அப்படி நல்ல மார்க் வாங்கிய ஒரு பிள்ளையை மைதானத்தின் நடுவில் நிறுத்தி, கையில் ஒரு கயிற்றையும் நாலு முளைக்குச்சியையும் கொடுத்து, "இங்கே ஒரு செங்கோணம் போடு கண்ணு" என்றால் பெரும்பாலும் விழிக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பள்ளி வாலிபால் கோர்ட்டின் கோடுகள் மழையில் அழிந்துபோயிருந்தன. பி.இ.டி. சார் மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போயிருந்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து "நாங்களே போடுறோம் மிஸ்" என்று கேட்டார்கள், சரி என்றேன். நீளம் 18 மீட்டர், அகலம் 9 மீட்டர். டேப் பிடித்தார்கள், நாலு மூலையிலும் குச்சி அடித்தார்கள், கயிறு கட்டி அதன் மேலேயே சுண்ணாம்புத் தூளும் தூவி முடித்துவிட்டார்கள். வராண்டா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், "கோணலா இருக்கு" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். அவ்வளவுதான், சண்டை. நாலு பக்கமும் அளந்தாச்சு, 18, 9, 18, 9, எல்லாம் சரியாக இருக்கிறது, எப்படிக் கோணலாகும் என்று இவர்கள் கேட்கிறார்கள். அவளுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். ஒரு மூலைவிட்டம் 20 மீட்டர் 70 சென்டிமீட்டர், இன்னொன்று 19 மீட்டர் 53. ஒரு மீட்டருக்கும் மேலே வித்தியாசம். அளந்த பையன் டேப்பைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து அளந்தான், அதே கணக்குதான் வந்தது. எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்தால் இணைகரம், செவ்வகமாக இருக்க வேண்டுமென்றால் அது போதாது என்று நான் எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பேன்! அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் அந்த இணைகரத்தின் உள்ளேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

சரி, எப்படி நேராக்குவது? அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. ஒரு பையனின் அப்பா கொத்தனார், மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் பத்து நிமிடம் வந்து நின்றார். வீட்டுக்கு வானம் தோண்டுவதற்கு முன்னால் கயிறு கட்டும்போது அவர்கள் மூலைமட்டம் பார்க்கிற முறையைச் செய்து காட்டினார். ஒரு மூலையிலிருந்து இந்தப் பக்கம் மூன்றடி, அந்தப் பக்கம் நாலடி அளந்து அடையாளம் வை, இரண்டு அடையாளத்துக்கும் நடுவே குறுக்கே சரியாக ஐந்தடி வந்தால் மூலை சரி, கூட வந்தால் உள்ளே தள்ளு, குறைந்தால் வெளியே தள்ளு. அப்புறம் அவரே இன்னொன்றும் சொன்னார்: "இவ்ளோ பெரிய எடத்துக்கு மூணு நாலு அஞ்சு பத்தாது, ஆறு எட்டு பத்துன்னு பெருசா பாருங்க, அப்பத்தான் தப்பு தெரியும்." பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். முடித்தபோது இரண்டு மூலைவிட்டமும் 20 மீட்டர் 12-க்கு வந்து நின்றன. நான் ஒரு குச்சியை எடுத்து மண்ணிலேயே 18-இன் வர்க்கம் 324, 9-இன் வர்க்கம் 81, கூட்டினால் 405, அதன் வர்க்கமூலம் 20.12 என்று எழுதிக் காட்டினேன். அந்த வருடம் பிதாகரஸ் தேற்றத்தை நான் தனியாக நடத்தவே வேண்டியிருக்கவில்லை. பழைய சுல்ப சூத்திரங்களில் வேள்விக்குண்டம் அளந்ததும் கயிற்றால்தான், சுல்பம் என்ற சொல்லுக்கே கயிறு என்றுதான் பொருள் என்பதை அந்தக் கொத்தனாரிடம் சொன்னேன், சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

இப்போது வகுப்பறைக்குள் நடப்பதைச் சொல்கிறேன், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். இரண்டும் கட்டாயம் வரும், அதனால் சரியாகப் படிக்காத பிள்ளையைக்கூட அந்தப் பதினாறை வைத்துக் கரையேற்றிவிடலாம் என்பது எல்லாக் கணக்கு ஆசிரியர்களுக்கும் தெரியும். அடிக்கோடு வரை, கீழ்ப்பக்கம் கொடுத்த கோணத்தை எடு, செங்குத்துக் கோடு போடு, மையக்குத்துக்கோடு வெட்டும் இடத்தில் காம்பஸ் முள்ளை வை என்று ஒரு பாட்டு மாதிரி மனப்பாடம் செய்ய வைக்கிறோம். ஏன் அங்கே மையம் வருகிறது என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை, கேட்டால் சொல்ல நமக்கும் நேரமில்லை. ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தால் கோணமானி இருக்கிறது, ஆனால் வாசல் கதவு எத்தனை டிகிரி திறந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். கோணம் என்பது நோட்டுக்குள்ளே மட்டும் இருக்கிற சமாச்சாரம் என்று அவர்கள் நினைப்பதில் தப்பே இல்லை, நாம் அப்படித்தான் காட்டியிருக்கிறோம்.

தென்னை மரம் அளந்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பள்ளிக் காம்பவுண்டுக்குள் ஒரு தென்னை நிற்கிறது, ஒன்பதாம் வகுப்பு அதை அளந்தது. காலை பத்து மணிவாக்கில் 1 மீட்டர் குச்சியை நேராக நட்டோம், அதன் நிழல் 62 சென்டிமீட்டர். மரத்தின் நிழல் 7 மீட்டர் 50. விகிதம் போட்டால் உயரம் 12 மீட்டர் 10 சென்டிமீட்டர் வருகிறது. "மேகம் வந்துட்டா என்ன மிஸ் பண்றது?" என்று ஒருத்தி கேட்டாள். சதுரமான ஒரு தாளை மூலைக்கு மூலை மடித்தால் 45 டிகிரி கிடைக்கும் இல்லையா, அந்த மடிப்பு வழியாக ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே பின்னால் நடக்கச் சொன்னேன். தாளின் கீழ்ப்பக்கம் தரைக்குச் சரிமட்டமாக இருக்க வேண்டும், அதற்கு மூலையில் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டோம், கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி. மரத்தின் உச்சி எங்கே நின்றால் மடிப்பு நேரே தெரிகிறதோ அங்கிருந்து மரத்தடிக்கு எவ்வளவு தூரமோ அதோடு கண் மட்டத்தையும் கூட்டினால் உயரம். 10 மீட்டர் 40-ம் 1 மீட்டர் 35-ம் சேர்ந்து 11 மீட்டர் 75. வகுப்பில் பாதிப் பேர் கண் மட்டத்தைக் கூட்ட மறந்துவிட்டார்கள், ஆனால் ஒருமுறை மறந்தவர்கள் மறுபடி மறக்கவே இல்லை.

12.10 சரியா, 11.75 சரியா? அந்த வாரமே தேங்காய் பறிக்க ஆள் வந்தார், அவரிடம் சணல் கயிற்றைக் கொடுத்து மேலிருந்து தொங்கவிடச் சொன்னோம். 10 மீட்டர் 90 தான் வந்தது! இது என்ன புதுக் குழப்பம் என்று பிள்ளைகள் அவரையே பிடித்துக்கொண்டார்கள். அவர் கயிற்றைப் பாளை இருந்த இடத்தில் கட்டியிருக்கிறார், அதற்கு மேலே குருத்தும் மட்டையும் இன்னும் ஒரு மீட்டருக்கு நிற்கிறது. அப்படியானால் மரத்தின் உச்சி எது, குருத்தின் நுனியா, பாளை இருக்கும் இடமா? நிழல் எதைக் காட்டியது? நிழலின் நுனியே மங்கலாகத்தானே இருந்தது, அதில் எந்த இடத்தில் டேப்பை வைத்தோம்? தரை சமமா? ஒரு மணி நேரம் பேசினார்கள். புத்தகத்தில் "ஒரு கோபுரத்தின் உச்சியின் ஏற்றக்கோணம் 30°" என்று கணக்கு ஆரம்பித்தால் அந்த 30 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே ஒவ்வொரு எண்ணும் எப்படி வந்தது, அதில் எவ்வளவு தப்பு இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும், ஏனென்றால் டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர்கள் அவர்களேதான்.

எங்கள் பக்கத்தில் வாய்க்காலுக்குப் பஞ்சமில்லை. வாய்க்காலைத் தாண்டாமல் அதன் அகலத்தைக் கண்டுபிடிப்பது ஏழாம் வகுப்புக்கே முடிகிற வேலை. எதிர்க்கரையில் ஒரு மரத்துக்கு நேராக நின்று ஒரு குச்சி, கரையோரமாகப் பத்தடி நடந்து இன்னொரு குச்சி, அதே நேர்கோட்டில் இன்னும் பத்தடி நடந்து, அங்கிருந்து வாய்க்காலுக்கு முதுகைக் காட்டிச் செங்கோணத்தில் நேராக நடந்துகொண்டே இருக்க வேண்டும். நடுக்குச்சியும் எதிர்க்கரை மரமும் ஒரே கோட்டில் தெரிகிற இடம் வந்ததும் நின்றுவிட்டால், நடந்து வந்த தூரம்தான் வாய்க்காலின் அகலம். கோணம்-பக்கம்-கோணம் (கோ-ப-கோ) சர்வசமம், அவ்வளவுதான். தண்ணீர் ஓடும்போது பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப் போகக் கூடாது, அதில் நான் ரொம்பக் கண்டிப்பு. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள், அதனால் பிப்ரவரி கடைசியில் வாய்க்கால் காய்ந்த பிறகு போகிறோம். காய்ந்திருந்தால் இன்னொரு லாபமும் உண்டு, உள்ளே இறங்கி டேப் பிடித்து விடையைச் சரிபார்த்துவிடலாம். வாய்க்கால் இல்லாத ஊரில் ஆளில்லாத மண்சாலையை வைத்துச் செய்யலாம்.

கோலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடுக்குப்புள்ளி 7-இல் ஆரம்பித்து 4-இல் முடிகிற கோலம் ஆறாம் வகுப்புப் பெண்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எத்தனை புள்ளி என்று கேட்டால் வரிசை வரிசையாகக் கூட்டி 37 என்பார்கள். நடுப்புள்ளியிலிருந்து வளையம் வளையமாக எண்ணச் சொல்லுங்கள், 1, 6, 12, 18 என்று வரும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளி மூன்றைச் சேர்த்தால் சமபக்க முக்கோணம், ஆறு முக்கோணம் சேர்ந்தால் அறுகோணம், எல்லாம் காலடியிலேயே கிடக்கிறது. சென்னை கிறித்துவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி 1970-களிலேயே கோலத்தை வைத்துக் கணித ஆராய்ச்சி செய்திருக்கிறார். நம் பள்ளி வாசலில் இருப்பதை நாம் மார்கழிக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். எங்கள் வகுப்பில் பையன்களும் போடுகிறார்கள், முதல் நாள் வெட்கம், இரண்டாம் நாள் போட்டி.

தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு நான் கட்டாயம் சொல்கிற கதை ஒன்று உண்டு. 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி சங்கிலி போட்டு ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோடு அளந்தார். அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு, பிறகு கோணம் கோணமாகப் பார்த்தே முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கி நாடு முழுக்க அளந்துகொண்டு போனார்கள், கடைசியில் எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டதும் அந்த அளவையில்தான். கோணம் அளக்கிற தியோடலைட் என்ற அரை டன் எடையுள்ள கருவியை 1808-இல் நம் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி நெளிந்துபோய், லாம்டன் தானே உட்கார்ந்து அதைச் சரிசெய்திருக்கிறார். இதைக் கேட்டபிறகு கோயிலுக்குப் போகிற பிள்ளை அண்ணாந்து பார்க்கிற பார்வையே வேறு. இன்றைக்கும் நம் நிலத்தின் எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், கோணலான வயல்கூட முக்கோணமாகத்தான் பிரிக்கப்பட்டிருக்கும். அப்பாவின் பட்டா காகிதத்தோடு இருக்கும் அந்த வரைபடத்தை ஒரு பையன் வகுப்புக்குக் கொண்டுவந்து, "இதுல நம்ம பாடம் இருக்கு மிஸ்" என்று காட்டினான்.

இதையெல்லாம் செய்ய விடுகிறார்களா என்று கேட்பீர்கள். எப்போதும் இல்லை. ஒருமுறை பார்வைக்கு வந்த ஓர் அதிகாரி, பிள்ளைகள் வெயிலில் கயிறு பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "கணக்கு பீரியடில் ஏன் விளையாடுகிறார்கள்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நோட்டில் எத்தனை பயிற்சி முடிந்திருக்கிறது என்று பார்த்தார், மைதானத்தில் என்ன அளந்தார்கள் என்று கேட்கவே இல்லை. எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பிள்ளைகளுக்கு அதைவிடக் கஷ்டம், அன்றைக்கு அவர்கள் நிஜமாகவே கஷ்டப்பட்டு ஒரு வட்டத்தின் மையத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பெற்றோரிலும் சிலர் வந்து வெயிலில் நிறுத்தாதீர்கள் என்றார்கள். அது நியாயம்தான். காலை முதல் இரண்டு பீரியடுக்குள் முடிக்கிறேன், வேப்பமர நிழலில் கோலம், திறந்தவெளியில் கால்மணி நேரம்தான், குடிக்கத் தண்ணீர் கையோடு.

பாடம் முடியாது என்பதுதான் ஆசிரியர்கள் சொல்கிற பெரிய காரணம். நானும் பல வருடம் அதையே சொன்னேன். ஆனால் பாருங்கள், பாடம் முடிக்கிறோம் என்று பி.இ.டி. பீரியடை வாங்கிக் கணக்கு நடத்துகிற பழக்கம் நம்மிடம் எத்தனை பள்ளியில் இருக்கிறது! பிள்ளைகளை மைதானத்திலிருந்து பிடித்துக்கொண்டுவந்து உள்ளே உட்கார வைக்கிறோம். அதை விட்டுவிட்டு நம் பீரியடை மைதானத்துக்குக் கொண்டுபோகலாம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை இரண்டு பீரியடைச் சேர்த்து வடிவியலுக்கென்று வெளியே ஒதுக்கினால் போதும், ஆறு முதல் ஒன்பது வரைக்கும். அதைக் கால அட்டவணையிலேயே போட்டுவிட வேண்டும், அப்போதுதான் பார்வைக்கு வருகிறவர் கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்கும். கீழ் வகுப்புகளில் வளரறி மதிப்பீட்டில் செயல்பாட்டுக்கென்று மதிப்பெண் இருக்கத்தான் செய்கிறது, அதற்குக் கடையில் சார்ட் வாங்கி ஒட்டிக் கொடுப்பதற்குப் பதிலாக மைதானத்தில் அளந்த தாளையே வைத்துக்கொள்ளலாம். செலவு? ஒரு நைலான் கயிறு, முளைக்குச்சி, சுண்ணாம்புத் தூள், ஒரு 30 மீட்டர் டேப். டேப் பெரும்பாலும் பி.இ.டி. சாரின் அறையிலேயே இருக்கும்.

உங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். நிழலில்லா நாள் என்று ஒன்று வருகிறதே, சூரியன் உச்சிக்கு மேலே சரியாக வந்து நேராக நிற்கும் குச்சிக்கு நிழலே விழாத நாள், அது ஊருக்கு ஊர் மாறும், வருடத்தில் இரண்டு முறை வரும். சென்னைக்கு ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும். எங்களுக்கு ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 24, 25 வாக்கிலும். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10, 11-லேயே வந்துவிடும். ஏப்ரலில் பிள்ளைகள் பரீட்சையில் இருப்பார்கள், ஆகஸ்டில்தான் பள்ளி நடக்கும். அதனால் ஆகஸ்ட் மாதத் தேதிகளை மாவட்ட வாரியாக, நேரத்தோடு, ஜூலை கடைசியிலேயே ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். மறுநாள் பேப்பரில் "மாணவர்கள் கண்டுகளித்தனர்" என்று படம் போடுவதைவிட அது எங்களுக்கு உபயோகம்.

அந்த நாளை வைத்து ஒரு பெரிய வேலையே செய்யலாம். சென்னையும் கன்னியாகுமரியும் வடக்கு தெற்காகச் சரியாக 5 டிகிரி தள்ளி இருக்கின்றன. ஆகஸ்ட் 18 உச்சிவேளையில் சென்னையில் குச்சிக்கு நிழல் இருக்காது, அன்றைக்குக் கன்னியாகுமரியில் 1 மீட்டர் குச்சிக்குத் தெற்குப் பக்கம் சுமார் 8.7 சென்டிமீட்டர் நிழல் விழும். அந்த நிழலையும் குச்சியையும் தாளில் அளவு குறைத்து வரைந்து கோணமானி வைத்தால் 5 டிகிரி. முழு வட்டத்தில் அது 72-இல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக எவ்வளவு தூரம் என்று மேப்பில் அளந்தால் 555 கிலோமீட்டர் வரும், அதை 72-ஆல் பெருக்குங்கள், 39,960. பூமியின் சுற்றளவு! எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் 2,200 வருடத்துக்கு முன்னால் எகிப்தில் இரண்டு ஊரை வைத்துச் செய்த அதே கணக்கு, இங்கே இரண்டு பள்ளியும் ஒரு போனும் இருந்தால் நம் பிள்ளைகளும் செய்துவிடுவார்கள்.

வருகிற ஆகஸ்ட் 18 அன்று எங்கள் எட்டாம் வகுப்பு மைதானத்தில் குச்சியோடு நிற்கும். எங்களுக்கு நிழல் தெற்கே 4 சென்டிமீட்டர் விழ வேண்டும். சென்னையிலும் கன்னியாகுமரியிலும் இருக்கிற கணக்கு ஆசிரியர்கள் யாராவது அன்றைக்குத் தங்கள் பிள்ளைகளோடு நின்றால் பெரிய உதவி. உச்சிவேளை எல்லா ஊருக்கும் ஒரே நேரம் இல்லை, சென்னையில் 12.13 என்றால் கன்னியாகுமரியில் 12.24 ஆகிவிடும், அதனால் 12 மணியிலிருந்து 12.35 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைத்து, இருப்பதிலேயே குட்டையான நிழலை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சி நேராக நிற்கிறதா என்று நூலில் கல்லைக் கட்டிப் பார்க்க மறக்க வேண்டாம். அளவை உங்கள் நாளிதழுக்கே எழுதி அனுப்பட்டும், மூன்று ஊர் அளவையும் ஒரே இடத்தில் நீங்கள் போட்டால் கணக்கை எங்கள் பிள்ளைகள் போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
அரசு உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.